மோட்டார் ரூம் தாழ்ப்பாள்

சாரம், புதுச்சேரி
6 ஜூலை 2025, ஞாயிறு இரவு

அண்ணா,

போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். அப்பா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார். குளியலறையில் நின்று, "நான் எழுந்தேன், உலகமே எழு" என்று கத்துவாரே, நினைவிருக்கிறதா? இப்போது அதை மூன்று பேரும் கத்த வேண்டும். அம்மா வாயை மட்டும் அசைக்கிறாள். சத்தம் வருவதில்லை.

உன் விலாசம் பாக்கியலட்சுமி அக்காவின் தையல் கடையில் இருந்தது. பாவாடைக்கு மடிப்பு பிரிக்கப் போனேன். "உங்கண்ணன் போறப்ப எங்கிட்ட குடுத்துட்டுப் போச்சி. நீ கேட்டா குடுக்கச் சொல்லுச்சி. நீ கேக்கவே இல்லியே" என்றார்கள். தைக்கிற அக்காவிடம் சொல்லிக்கொண்டு போக முடிந்திருக்கிறது. பக்கத்து அறையில் தூங்கிய என்னிடம் முடியவில்லை. அதைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது, விடு.

பதில் எழுதினால் அக்கா கடைக்கே எழுது. போன் செய்யாதே. கவனச்சிதறல் ஒழிப்பு என்று சொல்லி அம்மாவின் போனையும் அப்பா வாங்கிவிட்டார். வீட்டுக்கு ஒரே போன், அது அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

விஷயம் இதுதான். அப்பா ஒரு புத்தகம் எழுதிவிட்டார். முன்னேற்றப் புத்தகங்களைப் படித்தது போதாதென்று எழுதியும்விட்டார். "புலிக்குட்டி வளர்ப்பது எப்படி?" என்று பெயர். அட்டை வந்துவிட்டது. அதில் என் முகம். பாதி என் முகம், மீதிப் பாதி புலி முகம். மூக்கில் ஒரு பக்கம் மீசை. பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பார்த்தவுடன் வாந்தி வந்தது. உண்மையாகவே எடுத்தேன். அம்மா, வெயில் என்று சொல்லி மோர் கொடுத்தாள்.

புத்தகத்தில் என்னை அடைத்துவைத்த மோட்டார் ரூம் வருகிறது. நான் இருட்டை வென்றேனாம். ஆகஸ்டு பத்தாம் தேதி வெளியீட்டு விழா. நான் மேடையில் ஏறி, "பயம் என்னைக் கண்டு பயந்தது" என்று சொல்ல வேண்டும். தினமும் நிலைக்கண்ணாடி முன் நிறுத்திச் சொல்ல வைக்கிறார்.

நான் இன்னும் டார்ச்சை தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன் என்று உனக்குத் தெரியும். நீதானே வாங்கிக் கொடுத்தாய்.

சொல்லட்டுமா, வேண்டாமா? சீக்கிரம் எழுது.

பூவிழி

* * *

திருவல்லிக்கேணி, சென்னை
11 ஜூலை 2025

அன்புள்ள அரைப்புலிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். இன்னொரு முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

நான் இப்போது ஒரு பைண்டிங் கடையில் இருக்கிறேன். பசை காய்ச்சுவது, அச்சடித்த பாரம் மடிப்பது, அட்டை ஒட்டுவது. எந்தப் புத்தகங்களுக்குப் பயந்து ஓடி வந்தேனோ அதே புத்தகங்களுக்கு இங்கே பசை தடவுகிறேன். போன மாதம் ஒன்றுக்குக் கழுகு அட்டை ஒட்டினோம். இந்த மாதம் அதே ஆள் சிங்க அட்டை கொண்டுவந்தார். உள்ளே புரட்டிப் பார்த்தேன். ஒரு வரி மாறவில்லை. முதலாளியிடம் கேட்டதற்கு, "கழுகு ஓடலப்பா. சிங்கமாவது ஓடுதான்னு பாக்குறாரு" என்றார்.

படிக்காமல் ஒட்ட முடிவதில்லை, கண் போய்விடுகிறது. ஒரு புத்தகம் தினமும் பனிக்கட்டித் தண்ணீரில் குளி என்கிறது. இன்னொன்று படைப்பாற்றல் பற்றி. நாற்காலியைப் பார்த்து நாற்காலி அல்லாத பத்துப் பொருளை நினை என்கிறது. அப்பா நமக்கு அதே பயிற்சியை வைத்து மார்க் போட்டாரே. "இனியவன், கற்பனை பத்துக்கு நாலு." நாற்காலி பசியோடு இருக்கிற யானை என்று நான் சொன்னதற்கு நாலு.

நீ கேட்டதற்கு வருகிறேன். சொல்லிவிடு. ஒரே வரிதானே. மைக்கைப் பிடி, சொல்லு, இறங்கு. அப்பாவோடு முட்டாதே. நான் முட்டினேன், என்ன ஆயிற்று? மருத்துவ நுழைவுத் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றதும், வீட்டில் நடத்துகிற ஞாயிற்றுக்கிழமைத் தன்னம்பிக்கை வகுப்பில் கரும்பலகையில் என் பெயரை எழுதி, கீழே "தோல்வியின் இலக்கணம்" என்று தலைப்புப் போட்டார். ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டை விட்டு வந்தேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் போக மாட்டேன்.

புத்தகத்தில் என்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் நல்லது.

இனியவன்

* * *

சாரம்
20 ஜூலை 2025, இரவு

அண்ணா,

கேட்டுவிட்டாய், அதனால் எழுதுகிறேன். உன்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. "என் மூத்த பிள்ளை பயிற்சியைப் பாதியில் விட்டவன். அவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை."

மோட்டார் ரூம் வருகிற இயலைப் பார்த்து எழுதுகிறேன், படி:

"இருட்டைக் கண்டால் நடுங்கிய என் மகளை மாலைதோறும் இருட்டறையில் தனியே அமர வைத்தேன். நான் மொட்டை மாடியில் தியானத்தில் அமர்ந்தேன். என் உள்ளத்தின் உரம் தளங்களைத் துளைத்துக் கீழிறங்கி அவளுக்குள் பாய்ந்தது. முதலில் அலறினாள். பிறகு அழுதாள். பிறகு ஒரு மாலை, நான் கதவைத் திறந்தபோது என் புலிக்குட்டி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்."

தளங்களைத் துளைத்துக் கீழிறங்கி! நான் எதற்குச் சிரித்தேன் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பாய். உள்ளே தண்ணீர் ஏற்றும் மோட்டார் உறுமும். நீ கண்டக்டர். "பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டு, வீராம்பட்டினம் போறவங்கல்லாம் ஏறு. யம்மா, கூடைய உள்ள தள்ளு. சில்லற இல்லியா? முதலியார்பேட்டையில எறக்கி வுட்ருவேன், ஆமா." கதவு இடுக்கில் டிக்கெட் கிழித்துத் தள்ளுவாய். அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் அப்பா இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்கும், நீ ஓடிவிடுவாய். பல நாள் பஸ் வீராம்பட்டினம் போய்ச் சேர்ந்ததே இல்லை. சேர்ந்த அன்றுதான் நான் சிரித்தேன்.

நம் வீட்டில் நடந்த ஒரே கற்பனை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு யாரும் மார்க் போடவில்லை.

இன்று என்ன நடந்தது தெரியுமா? வகுப்பு முடிந்து அம்மா சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தாள். கருவடிக்குப்பத்திலிருந்து சூசான் அக்கா என்று ஒருவர் வந்தார். அவர் கணவர் சொல்தா, பிரான்சில் பட்டாளத்தில் இருக்கிறார். ஆகஸ்டு கடைசியில் அம்மாவும் பெண்ணும் அங்கே போகிறார்களாம். பெண்ணின் பெயர் மொர்கான். முன்பல் விழுந்த சிறிய பெண்.

"லைட்ட அணைச்சா படுக்கையிலயே ஒன்னுக்குப் போயிடுது சார். அங்க பள்ளிக்கூடம், எக்கோல்ல போயி இப்பிடி அழுதா என்னா பண்றது? இவங்கப்பா போன்ல, ஒரு சொல்தா பொண்ணு இப்பிடியான்னு சத்தம் போடுறாரு. ஒங்க வகுப்பப் பத்திச் சொன்னாங்க, அதான் வந்தேன்" என்றார்.

அப்பா முகத்தில் வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "கவலைய வுடுங்க" என்றார். என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "இதோ ஆதாரம்" என்றார்.

ஆதாரம். மகள்கூட இல்லை.

வெளியீட்டு விழா முடிந்ததும் மொர்கானுக்கு மோட்டார் ரூம். அதற்கு முன்னால் ஒரு நாள் ஒத்திகை. போகும்போது அந்தப் பெண் என் பாவாடையைப் பிடித்து, "அக்கா, அந்த ரூம்ல பூரான் இருக்குமா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். இருக்கும், அண்ணா. உனக்குத் தெரியும்.

இப்போது அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு இறங்க முடியுமா? நான் சொல்வதைக் கேட்டுத்தான் அவளை உள்ளே தள்ளப் போகிறார்கள்.

பூவிழி

* * *

திருவல்லிக்கேணி
25 ஜூலை 2025

பூவு,

"எழுத ஒன்றுமில்லை" என்பது நல்ல வரி. ஒருவேளை அப்பா நல்ல எழுத்தாளராக இருக்கலாம்.

மொர்கான் விஷயத்துக்கு நீ ஏன் இவ்வளவு பதறுகிறாய்? வழி உன்னிடமே இருக்கிறது. அப்பா தியானத்துக்கு மாடி ஏறியதும் நீ படியில் போய் உட்கார். பஸ்ஸை எடு. அவளுக்குக் கருவடிக்குப்பம் என்றால் ரூட்டை மாற்றிக்கொள். மோட்டார் ஓடாத நாளில் வாயால் உறுமு. நான் உறுமியிருக்கிறேன். அந்தப் பெண் பயப்படாமல் பிரான்சு போய்ச் சேர்வாள், அப்பாவுக்கு அவர் புலி கிடைக்கும், உனக்கு அடி கிடைக்காது. யாருக்கு என்ன நஷ்டம்?

நான் அதைத்தானே செய்தேன்? எல்லாரும் நன்றாகத்தானே இருந்தீர்கள்?

இங்கே மழை. பசை காயவில்லை. முன்னேற்றப் புத்தகங்கள் எல்லாம் வளைந்துபோய்க் கிடக்கின்றன.

இனியவன்

* * *

சாரம்
3 ஆகஸ்டு 2025, இரவு

அண்ணா,

நீ சொன்னபடியே செய்தேன். என்ன நடந்தது என்று கேள்.

இன்று ஒத்திகை. வகுப்புப் பிள்ளைகள் போன பிறகு மொர்கானை உள்ளே விட்டு அப்பா தாழ்ப்பாள் போட்டார். "புலி அழாது" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். சூசான் அக்காவை அம்மாவோடு அடுக்களையில் இருக்கச் சொல்லிவிட்டு மாடி ஏறினார். உள்ளே அந்தப் பெண் கத்தினாள். கத்தல் நின்று, கதவுக்கு அடியில் இடுக்கு இருக்கிறதே, அதில் விரல்கள் வெளியே வந்தன. நாலு விரல். நகத்தில் ரோஸ் கலர் பாலிஷ். தரையைத் தடவிக்கொண்டிருந்தன.

நான் படியில் உட்கார்ந்து அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டேன். "பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு கேட்டது. முதலியார்பேட்டையில் விக்கல் நின்றது. அரியாங்குப்பத்தில் அவள், "கண்டக்டர், நான் சன்னல் சீட்டு" என்றாள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

அப்பா இறங்கி வந்தார். நான் ஓடிவிட்டேன். கதவைத் திறந்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

அப்பா கை தட்டினார். சூசான் அக்கா கும்பிட்டு அழுதார். "மெர்சி சார், மெர்சி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா கரும்பலகையில், "முதல் நாளிலேயே வெற்றி" என்று எழுதினார். அதற்குள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்த இரண்டு அப்பாக்கள், எங்கள் வீட்டுப் பையனையும் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். அம்மா எல்லாருக்கும் டீ போட்டாள்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாயே. இதுதான்.

நீ அந்தக் கதவுக்கு வெளியே உட்காராமல் இருந்திருந்தால் நான் அலறிக்கொண்டே வெளியே வந்திருப்பேன். இரண்டு நாள் பார்த்திருப்பார், மூன்றாம் நாள் நிறுத்தியிருப்பார், இல்லாவிட்டால் அம்மாவாவது தடுத்திருப்பாள். நீ உட்கார்ந்ததால்தான் அவர் முறை பலித்தது. நீ உட்கார்ந்ததால்தான் அந்த இயல் இருக்கிறது. இன்று நான் உட்கார்ந்ததால் இன்னும் இரண்டு பிள்ளைகள் உள்ளே போகப் போகிறார்கள். அவர்களுக்கும் பஸ் ஓட்டட்டுமா? ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ஓட்டட்டுமா? ஒவ்வொரு பிள்ளையும் சிரித்துக்கொண்டே வரும், அப்பா அடுத்த புத்தகம் எழுதுவார்.

அருவருப்பாக இருக்கிறது, அண்ணா. புத்தகத்தின் மேல், உன் மேல், என் குரலின் மேல்.

அதற்குப் பிறகு அப்பாவின் அலமாரி முழுவதையும் புரட்டினேன். அவர் காலையில் பச்சை முட்டை குடித்துக்கொண்டே படிப்பார் இல்லையா, பக்கங்களில் முட்டை ஒழுகிக் காய்ந்து ஒட்டியிருக்கிறது. பிரித்தால் கவிச்சை நாற்றம். எல்லாப் புத்தகத்திலும் ஒருவன் தனியாக மலை ஏறுகிறான், தனியாக நீந்துகிறான், தனியாகக் காட்டில் இருக்கிறான். அவனுக்கு யார் சோறு கட்டிக் கொடுத்தது, யார் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது என்று ஒரு புத்தகத்திலும் இல்லை. எழுதியவனுக்கே தெரிந்திருக்காது. அப்பாவுக்குத் தெரியாத மாதிரி.

ஒரே ஒரு புத்தகம் மட்டும் முட்டை படாமல் இருந்தது. மெலிசானது, அட்டையில் படம் இல்லை. வேலை பார்த்த மில்லை மூடியதும் அப்பா வீட்டில் படுத்தே கிடந்தபோது யாரோ கொடுத்தார்களே, அது. அதைப் படித்துவிட்டுத்தான் அவர் எழுந்து முகச்சவரம் செய்துகொண்டு, நம் இரண்டு பேரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய் சோளம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு விழா. நீ வந்து சொல். நீதான் உட்கார்ந்தாய், நீதான் சொல்ல வேண்டும். என்னால் மேடையில் நிற்கவே முடியாது. 

பூவிழி

* * *

திருவல்லிக்கேணி
6 ஆகஸ்டு 2025

பூவு,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் வருகிறேன் என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் உன்னைத் திட்டியிருந்தேன்.

அந்தப் படியில் நான் உட்கார்ந்ததை இவ்வளவு நாளும் என் கணக்கில் ஒரே நல்ல காரியமாக வைத்திருந்தேன். அப்பா எத்தனை தடவை உதவாதவன் என்று சொன்னாலும், உள்ளே ஒரு பஸ் ஓடும். அதையும் நீ பிடுங்கிக்கொண்டாய். பிடுங்கியது சரிதான். அதுதான் எரிகிறது.

என்னால் வர முடியாது. முதலாளி விடமாட்டார் என்று எழுதலாம். அவர் கேட்டால் விடுவார். அந்தக் கரும்பலகைக்கு முன்னால் என்னால் நிற்க முடியாது. நான் பேச வாயைத் திறந்தால் "இதோ, தோற்றவன் பேசுகிறான்" என்பார், எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள், கதவை யாரும் பார்க்க மாட்டார்கள்.

உன்னைச் சொல்லச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அடிப்பாரோ என்னவோ. ஆனால் நீ சொல்வதாக இருந்தால் என் பெயரைச் சொல்லிக்கொள். மறைக்காதே. அது உதவுமானால் எடுத்துக்கொள்.

டார்ச்சுக்கு செல் மாற்றினாயா?

இனியவன்

* * *

சாரம்
11 ஆகஸ்டு 2025, திங்கள் இரவு

அண்ணா,

செல் மாற்றினேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

விழா பக்கத்துத் தெரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. பெரிய மண்டபத்தில் யாருக்கோ காதுகுத்து. அவர்கள் நாதஸ்வரமும் எங்கள் வரவேற்புரையும் ஒன்றாகப் போயின. மேடைக்குப் பின்னால் என் பாதி முகமும் புலியும் ஆளுயரத்துக்குத் தொங்கின. யார் வந்தாலும் முதலில் அதைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், மீசை எங்கே என்று தேடுகிற மாதிரி. சூசான் அக்கா மூன்றாவது வரிசையில் இருந்தார். மடியில் மொர்கான்.

அப்பா என்னைக் கூப்பிட்டார்.  மைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்பா கீழே நின்றுகொண்டு, "பயம் என்னை" என்று வாயசைத்து எடுத்துக் கொடுத்தார்.

நான் சொன்னது இவ்வளவுதான். எழுதிவைத்துப் பேசவில்லை, அதனால் எப்படி வந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு இருட்டுன்னா இன்னமும் பயம். தலகாணி அடியில டார்ச் வெச்சிட்டுதான் தூங்குறேன். ரூமுக்குள்ள நான் தனியா இல்ல. கதவுக்கு வெளிய எங்கண்ணன் இனியவன் உக்காந்திருந்தான். தெனமும். பஸ் கண்டக்டர் மாதிரி பேசிட்டே இருந்தான். அதான் சிரிச்சேன். மொர்கானுக்கு நான் உக்காந்தேன். அதான் அதுவும் சிரிச்சிது."

 காதுகுத்துக் குழந்தை வீறிட்டது கேட்டது. அப்பா முகத்தைப் பார்த்தேன். ஒரு நொடி, அண்ணா, ஒரே ஒரு நொடி, மில் மூடினபோது படுத்திருந்த முகம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பிறகு அவர் மேடை ஏறினார். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அடிக்கவில்லை. என் தலையில் கை வைத்தார்.

"பாத்தீங்களா? இத்தன பேர் முன்னால, பெத்த அப்பனுக்கு எதிரா, உண்மையப் பேசுற துணிச்சல்! இது எங்கேர்ந்து வந்துச்சி? இதத்தான் நான் வளத்தேன். இதுக்குப் பேர்தான் புலி!"

எல்லாரும் கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். நான் சொன்னது தொண்டைக்குள் திரும்பிப் போய்விட்ட மாதிரி இருந்தது. அந்தப் புத்தகங்களுக்கு வயிறு உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. எதைப் போட்டாலும் விழுங்கிவிடும். என்னை, உன்னை, நாம் சொன்ன உண்மையை. விழுங்கிவிட்டு ஏப்பம் விடும். அப்பா அழுதுகொண்டிருந்தார். நடிப்பு இல்லை. அவர் அதை நம்பிவிட்டார்.

கை தட்டாதது இரண்டு பேர். ஒன்று அம்மா. இன்னொன்று சூசான் அக்கா. அவர் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி. கை தட்டல் ஓயும்வரை அப்படியே வைத்திருந்தார்.

"சார், ஒன்னு கேக்கணும். வெளிய ஒருத்தர் உக்காந்து பேசுனதாலதான் புள்ளைங்க பயப்படல, அப்பிடித்தானே?"

"மனவுரம் என்பது..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"இல்ல சார், எனக்குப் புரியல, அதான் கேக்குறேன். அப்ப அந்த ரூம் எதுக்கு?"

யாரோ ஒருவர் சிரித்தார். முன் வரிசையில் இருந்தவர் இருமினார். அப்பா புத்தகத்தைத் திறந்தார், ஏதோ ஒரு பக்கத்தைத் தேடினார். சூசான் அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தார், மரியாதையாகத்தான். பிறகு மொர்கானை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் அவர் அந்தப் பெண்ணிடம், "படுக்கறப்ப நான் பக்கத்துல உக்காந்து பேசுறேன், சரியா?" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

மற்றவர்கள் போகவில்லை. புத்தகம் விற்றது. அந்த இரண்டு அப்பாக்களும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வருகிற ஞாயிறு பையன்களை அனுப்புகிறோம் என்றார்கள். அப்பா ராத்திரி சாப்பிடும்போது, அடுத்த பதிப்பில் என் பேச்சை ஓர் இயலாகச் சேர்க்கப் போவதாகச் சொன்னார். "அதுலயாவது இனியவன் பேரப் போடு" என்றாள் அம்மா. இத்தனை வருஷத்தில் சாப்பாட்டு நேரத்தில் அம்மா பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். அப்பா ரசம் கேட்டார்.

வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் தேர். சூசான் அக்கா மொர்கானைக் கூட்டிக்கொண்டு போகிறார், என்னையும் கூப்பிட்டிருக்கிறார். பாக்கியலட்சுமி அக்கா கடையில்தான் சொல்லிவிட்டுப் போனார். உண்மையான பஸ்ஸில் போகிறோம். நீ பஸ் ஸ்டாண்டுக்கு நேராக வந்தால் போதும், வீட்டுக்கு வர வேண்டாம், கரும்பலகையைப் பார்க்க வேண்டாம். டிக்கெட் நான் எடுக்கிறேன். சில்லறை வைத்திருக்கிறேன்.

இந்த உறை கனமாக இருக்கிறதே என்று நினைத்திருப்பாய். தபாலில் கிழிந்துவிடும் என்று பாக்கியலட்சுமி அக்கா துணியில் வைத்துத் தைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பிரிக்கும்போது கையைக் குத்திக்கொள்ளாதே.

இன்று சாயங்காலம் அப்பா தியானத்துக்கு மாடி ஏறினார். நான் அம்மாவிடம், "ஸ்க்ரூ டிரைவர் எங்கம்மா இருக்குது?" என்று கேட்டேன். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. "மிக்சி பின்னால இருக்கும் பாரு" என்றாள். பிறகு மோட்டார் சுவிட்சைப் போட்டாள். தொட்டி நிறைந்துதான் இருந்தது. இருந்தாலும் போட்டாள், சத்தம் வரட்டும் என்று.

மோட்டார் ரூம் தாழ்ப்பாளில் துருப்பிடித்துப்போய் ஒரு ஸ்க்ரூ மட்டும் வரவில்லை. தேங்காயெண்ணெய் விட்டேன். வந்தது. மாடியில் அப்பா உட்கார்ந்திருந்தார், நேர் கீழே நான் திருகிக்கொண்டிருந்தேன்.

தாழ்ப்பாள் உன்னிடம் இருக்கட்டும். இங்கே இருந்தால் தேடி எடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவைச் சாத்திப் பார்ப்பார். சாத்தும். நிற்காது. யார் கழற்றியது என்று கேட்பார். நான்தான் என்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், குரல் வரவில்லை. இன்னும் ஐந்தாறு நாள் இருக்கிறது.

பயமாகத்தான் இருக்கிறது.

பூவிழி